கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னால்

பழைய பென்ஸின் ஆட்டோ கியர் உதைக்க ஆரம்பித்தால் போதும், ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் முதல் பதில் "பாக்ஸ் போச்சுண்ணே, இறக்கணும்" என்பதுதான். ஈப்போவில் எங்கள் வீட்டில் இருக்கும் 1983 230ஈ-க்கும் அதே தீர்ப்புதான் வந்தது. ஓவர்ஹால் செய்தால் சில ஆயிரம் வெள்ளி. இல்லையென்றால் வேறொரு காரிலிருந்து கழற்றிய பெட்டியைப் போடலாம், அதற்கும் உத்தரவாதம் கிடையாது. கடைசியில் மாற்ற வேண்டியிருந்தது 300 வெள்ளிக்குள் வரும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பாகம். எங்கள் 230ஈ சேர்ந்த பென்ஸ் வரிசையான டபிள்யூ 123 வைத்திருக்கும் யாரும் பெட்டிக்கு வெளியே இருப்பதையெல்லாம் பார்த்து முடிக்காமல் அதை இறக்கச் சம்மதிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் காரில் இருப்பது 722.3 வகைப் பெட்டி, நான்கு கியர். இதில் கணினி கிடையாது. எல்லாத் தீர்மானத்தையும் எண்ணெயின் அழுத்தமே எடுக்கிறது, அதற்கு மூன்று சேதிகள் போகின்றன. கார் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைப் பின்பக்கம் சுழலும் கவர்னர் சொல்கிறது. கால் எவ்வளவு மிதிக்கிறது என்பதை ஆக்ஸிலரேட்டரோடு சேர்ந்து இழுபடும் பௌடன் கேபிள் சொல்கிறது. எஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பதை எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வரும் மெல்லிய வேக்கம் (காற்றை உறிஞ்சும் இழுப்பு) குழாய், பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் மாடுலேட்டருக்குச் சொல்கிறது. முதல் இரண்டும் கியர் எப்போது மாற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. மூன்றாவது, மாறும்போது பெட்டிக்குள் இருக்கும் கிளட்சும் பேண்டும் (இறுக்கிப் பிடிக்கும் பட்டை) எவ்வளவு அழுத்தமாகப் பிடிக்க வேண்டும் என்பதை. இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கியர் சீக்கிரமாகவோ தாமதமாகவோ மாறினால் கேபிளைப் பாருங்கள். சரியான வேகத்தில் மாறினாலும் உதைத்தால் வேக்கத்தைப் பாருங்கள்.

எங்கள் காரில் கோளாறு மெதுவாகத்தான் வந்தது. முதலில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது மட்டும் முதுகில் ஒரு தள்ளு. அப்புறம் எல்லா மாற்றத்திலும். ஆனால் ஜெலாப்பாங் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டில் கார் ஒழுங்காகவே ஓடியது! ஊருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் ஊர்ந்து போகும்போதுதான் உதை. "மலை ஏறும்போது நல்லா ஓடுது, டவுன்ல மட்டும் இடிக்குது" என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னபோது அதை யாரும் காதில் வாங்கவில்லை. உண்மையில் விடை அந்த ஒரு வரியிலேயே இருந்தது.

முழுக்க மிதித்து மேடு ஏறும்போது மேனிஃபோல்டில் வேக்கம் கிட்டத்தட்ட இருக்காது. அப்போது கியர் அழுத்தமாக மாறுவதுதான் இயல்பு. லேசாக மிதித்து ஓட்டும்போது வேக்கம் நிறைய இருக்கும், மாடுலேட்டர் அழுத்தத்தைக் குறைக்கும், கியர் மெத்தென்று மாறும். மாடுலேட்டருக்குள் இருக்கும் சவ்வு கிழிந்தாலும், குழாயின் ரப்பர் முனை வெடித்தாலும், எப்போதுமே மலை ஏறிக்கொண்டிருப்பதாகப் பெட்டி நினைத்துக்கொள்ளும். மேட்டில் வித்தியாசம் தெரியாது, சமதளத்தில் உதைக்கும். உள்ளே கிளட்ச் தேய்ந்த பெட்டி இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும்: பாரம் ஏறும்போதுதான் வழுக்கும்.

இன்னொரு தடயமும் இருந்தது. கியர் ஆயில் குறைந்துகொண்டே வந்தது, ஆனால் கார் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. மேட்டிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கி, கீழே மறுபடி மிதித்தால் பின்னால் வெள்ளைப் புகை. சவ்வு கிழிந்த மாடுலேட்டர் வழியாக எஞ்சினே கியர் ஆயிலை உறிஞ்சி எரித்துக்கொண்டிருந்தது. இதை உறுதிசெய்ய எந்தக் கருவியும் வேண்டாம். மாடுலேட்டரிலிருந்து வேக்கம் குழாயைப் பிடுங்கி உள்ளே பாருங்கள். அங்கே காற்று மட்டுமே இருக்க வேண்டும். எங்கள் குழாயிலிருந்து சிவப்பாக எண்ணெய் வடிந்தது. குழாய் காய்ந்திருந்தால் கையால் இயக்கும் வேக்கம் பம்பை மாடுலேட்டரில் மாட்டி 0.5 பார் வரை இழுத்துப் பாருங்கள். ஊசி அப்படியே நின்றால் சவ்வு நன்றாக இருக்கிறது.

டீசல் 300டி வைத்திருப்பவர்களுக்குக் கதை கொஞ்சம் வேறு. டீசல் எஞ்சினின் மேனிஃபோல்டில் வேக்கம் கிடையாது. அதற்கென்று தனி பம்ப் உண்டு. அதே பம்ப்தான் கதவுப் பூட்டையும், சாவியைத் திருப்பினால் எஞ்சினை அணைக்கும் அமைப்பையும் இயக்குகிறது. அதனால் ஒரு கதவுக்குள் இருக்கும் ரப்பர் கிழிந்தால்கூட கியர் உதைக்கலாம். சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் அணையாமல் ஓடுகிறது, கியரும் இடிக்கிறது என்றால் பெட்டியைத் தொடாதீர்கள், வேக்கம் ஒழுகும் இடத்தைத் தேடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, ஆயில் அளவு. பலர் எஞ்சின் ஆயில் பார்ப்பதுபோலக் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது பார்க்கிறார்கள். டிப்ஸ்டிக்கின் கோடுகள் 80 டிகிரி சூட்டுக்கு உரியவை. ஒரு சுற்று நன்றாக ஓட்டிவிட்டு வந்து, சமதளத்தில் நிறுத்தி, பி-யில் வைத்து, எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். நூல் பிரியாத துணியால் துடையுங்கள், ஒரு சிறு இழைகூட உள்ளே போய் வால்வை அடைக்கும். இரண்டு கோடுகளுக்கும் இடையே சுமார் 0.3 லிட்டர்தான். தாராளமாக ஊற்றினால் எண்ணெய் நுரைத்து, அதனாலேயே வழுக்க ஆரம்பிக்கும். அப்படியே நிறத்தையும் வாசனையையும் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நம்பிக்கை உண்டு. பழுப்பாகி, கருகிய வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் எரிந்திருக்கிறது.

ஆயில் மாற்றும்போது கீழே இருக்கும் தட்டை மட்டும் வடித்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். பழைய எண்ணெயில் ஒரு பகுதி, எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும். டபிள்யூ 123-இல் கன்வெர்ட்டருக்கும் தனியாக வடிகால் திருகு உண்டு. 27 மில்லிமீட்டர் சாக்கெட்டால் எஞ்சினைக் கையால் சுற்றினால், கீழே இருக்கும் துவாரத்தில் அது வந்து நிற்கும். 5 மில்லிமீட்டர் ஆலன் சாவி போதும். அதையும் கழற்றச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

நிற்கும் காரில் டி-க்குப் போட்டதும் 'டொக்' என்று அடித்தால் அது பெரும்பாலும் பெட்டியே இல்லை. ஐட்லிங் ஏறியிருக்கும், அல்லது எஞ்சின் மவுண்டிங் உட்கார்ந்திருக்கும், அல்லது பெட்டியிலிருந்து பின்பக்கம் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் டிஸ்க் வெடித்திருக்கும். நம் ஊர் வெயிலில் ரப்பருக்கு ஆயுசு குறைவு. கியர் லிவரின் நைலான் புஷ் உதிர்ந்தாலும் லிவர் ஒன்றைக் காட்டும், பெட்டி இன்னொன்றில் நிற்கும்.

ரிவர்ஸ் எடுக்கிறது, ஆனால் முன்னால் மட்டும் நகரவே மாட்டேன் என்கிறது என்றால் உடனே மனம் உடைய வேண்டாம். இந்தப் பெட்டியில் பி2 (B2) என்ற பேண்டை இயக்கும் பிஸ்டன் உடைவது பிரசித்தம். அதைப் பெட்டியை இறக்காமலேயே வெளியிலிருந்து மாற்றலாம். சூடானதும் ரிவர்ஸே எடுக்கவில்லை, எண்ணெய் கருகிவிட்டது, தட்டில் உலோகத் துண்டுகள் கிடக்கின்றன என்றால்தான் இறக்குவதற்கு நியாயம் உண்டு. அப்போது தாமதிக்கவும் கூடாது.

மாடுலேட்டரை மாற்றுவது பெரிய வேலை இல்லை. பிடித்திருக்கும் தகட்டைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும், ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுங்கள். ஆனால் வாங்கும்போது "டபிள்யூ 123-க்கு ஒன்று" என்று கேட்காதீர்கள். எஞ்சினுக்கு எஞ்சின் அது மாறும், டீசலுக்கு உரியது பெட்ரோலுக்குச் சரிவராது. ஆயில் தட்டுக்கு மேலே பெட்டியின் ஓரத்தில் 722 என்று தொடங்கும் முழு எண்ணும் அடித்திருக்கும், அதைத் துடைத்துப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மாட்டிய பிறகும் கியர் கொஞ்சம் கடினமாகவோ தொளதொளவென்றோ மாறினால் முனையில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, உள்ளே உள்ள சிறு திருகியைப் பாதிச் சுற்று மட்டும் திருப்புங்கள்: வலப்பக்கம் அழுத்தம் கூடும், இடப்பக்கம் குறையும். பிறகு ஓட்டிப் பாருங்கள். மெத்தென்று வேண்டும் என்று அளவுக்கு மீறிக் குறைக்க வேண்டாம். பிடி தளர்ந்தால் கிளட்ச் வழுக்கித் தேயும், அது உள்ளே நடப்பதால் வெளியே தெரிய நாளாகும்.