ஆச்சி கூப்பிட்டால்தான் வளவு

ஜனவரி 8, வியாழன்

செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக்காட்டுகிற வழிகாட்டி வேலை எனக்கு. இந்த முறை பிரான்சிலிருந்து ஒரு தம்பதி. மதுரையில் இறங்கினார்கள். கணவர் ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர். கானாடுகாத்தான் விடுதியில் விட்டுவிட்டு வெளியே வந்தால், நாளை காட்டுவதாக இருந்த பழைய வீட்டின் ஆச்சியிடமிருந்து போன். “தம்பி, நாளைக்கு அவுகளக் கூட்டியாராத. படைப்பு வச்சிருக்கோம், பங்காளியெல்லாம் வந்து இறங்கிட்டாக.” முன்னோர்களுக்குப் படைக்கிற நாளில் நான் என்ன சொல்ல? ஏற்பாடு செய்த நிறுவனமோ “கூடுதலாகப் பணம் கொடுத்துப் பாருங்கள்” என்கிறது. சரிதான்!

ஜனவரி 9, வெள்ளி

ஆச்சி வீட்டுக்குப் பதில் ஆத்தங்குடி. தரையில் பதிக்கிற பூக்கல் போடுகிற பட்டறையில் முக்கால் மணி நேரம் என்று நினைத்தேன், மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. கண்ணாடித் தகடு மேல் சட்டத்தை வைத்து, பூ அச்சுக்குள் வண்ணச் சிமெண்டை ஊற்றி, அச்சை அலுங்காமல் தூக்குகிறார்கள். அதன் மேல் மணலும் சிமெண்டும். அப்புறம் தண்ணீர்த் தொட்டி. எங்கே சூளை என்று அவர் தேடினார். சூளையே கிடையாது, அந்த மினுமினுப்பு கண்ணாடி கொடுத்தது என்றதும் சட்டையை மடித்துவிட்டு அவரே ஒரு கல் ஊற்றினார். வண்ணம் கலங்கிப்போனது. பட்டறை அண்ணன் சிரிக்காமல் இருந்ததுதான் பெருந்தன்மை.

ஜனவரி 10, சனி

காரைக்குடி பழம்பொருள் கடை. அந்த அம்மாவுக்கு ஒரு பர்மா தேக்குத் தூண் பிடித்துவிட்டது. “யார் வீட்டினுடையது?” என்று கேட்டார். கடைக்காரர் ஊரின் பேரைக்கூடச் சொல்லவில்லை. பங்கு பிரிந்து, பராமரிக்க ஆளில்லாமல் இடிபட்ட ஏதோ ஒரு வீடு என்று நானே சொன்னேன். தூண் விற்கவில்லை. எனக்கு வரவேண்டிய கமிஷனும் போயிற்று. இதில் எனக்கு வருத்தம் கொஞ்சம் உண்டு, பொய் சொல்லக்கூடாது.

ஜனவரி 11, ஞாயிறு

காலையிலேயே ஆச்சி: “வரச் சொல்லுப்பா.”

முகப்பில் நின்றால் வளவு என்கிற நடுமுற்றம், அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்தெரு வெளிச்சம் தெரிகிறது. நான் வழக்கமாகச் சொல்கிற இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி எதுவும் இன்று எடுபடவில்லை. வளவைச் சுற்றி வரிசையாய்ப் பூட்டிய அறைகளைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி, கோயில் வரியும் அந்தக் கணக்கில்தான், அறையும் அப்படித்தான் என்றேன். சாவிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன.

ஆச்சி வெள்ளைப்பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் வைத்தார். அந்த அம்மா நான்கு சாப்பிட்டார். வாசலில் ஆச்சி என்னைத் தனியே இழுத்து, “ஒரு நாளைக்கு உனக்கு எவ்வளவு தர்றாக?” என்றார்.

பாதியைத்தான் சொன்னேன்.