வலென்சியா வேலை: கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் குறிப்புகள்

2025 மார்ச் 3, திங்கள்
வலென்சியா கம்பெனியின் கணக்கியல் மென்பொருள் கைக்கு வந்துவிட்டது. எல்லாத் திரையும் ஸ்பானிஷ். ஜெர்மனியில் விற்கப் போகிறார்களாம், அதனால் எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகம் அதை ஜெர்மனுக்கு மாற்றித் தர வேண்டும். ஆங்கிலம் வழியாகச் செய்தால் ஆளும் கிடைக்கும், செலவும் குறையும் என்றார் பாஸ். அக்கா அசையவில்லை. “நடுவுல இன்னொரு மொழிய விட்டா, தப்பு எங்க நுழைஞ்சதுன்னு யார் தேடுறது?” என்று கேட்டார். ஆக, ஸ்பானிஷிலிருந்து நேராக ஜெர்மனுக்கு மொழிபெயர்க்கும் ஆளைத்தான் தேட வேண்டும். சுற்றுலா, ஒயின், கடற்கரை வீட்டுப் பத்திரம் என்றால் இந்த மொழி ஜோடிக்கு வரிசையில் நிற்பார்கள். வரித் திரை என்றதும் கூட்டம் கலைந்துவிடுகிறது.

மார்ச் 6
விண்ணப்பங்களில் இரண்டு, வரிக்கு வரி ஒன்றே. பெயரும் மின்னஞ்சலும்தான் வேறு. அடுத்தவர் பயோடேட்டாவைத் திருடி வேலை பிடிப்பது இந்தத் தொழிலின் பழைய வியாதி. ஜெர்மனியின் மொழிபெயர்ப்பாளர் சங்கமான பிடியூவின் பட்டியலுக்குப் போனேன். அங்கே துறை வாரியாகத் தேடலாம்.

மொழிபெயர்ப்புச் சேவைக்கான உலகத் தரவிதி ஐஎஸ்ஓ 17100 கேட்பது மொழிபெயர்ப்புப் பட்டம், அல்லது வேறு பட்டத்தோடு 2 ஆண்டு முழுநேர அனுபவம், அதுவும் இல்லையென்றால் 5 ஆண்டு அனுபவம். அந்த நடு வாசல்தான் எனக்கு வேண்டும்: கணக்கு படித்துவிட்டு மொழிக்கு வந்தவர்கள். திருத்திப் பார்க்க இரண்டாவது ஆளும் கட்டாயம்.

கோத்தே நிலையத்தில் ஜெர்மன் படிக்கும் சித்தி மகன், “நானே செஞ்சு தரேண்ணே” என்றான். பாவம், ஆசை. தாய்மொழிக்குத்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்று சொல்லி, தோசை வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

மார்ச் 14
தேர்வுத்தாள்கள் வந்தன. காசு கொடுத்துத்தான் எழுதச் சொன்னோம். இலவசத் தேர்வுக்கு நல்லவர்கள் வர மாட்டார்கள். வேண்டுமென்றே மோடெலோ 303 திரையையும் அதில் சேர்த்திருந்தேன். ஸ்பெயினின் மதிப்புக்கூட்டு வரிப் படிவம் அது. ‘20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்க’ என்று ஒரு நினைவூட்டலும் உண்டு.

பெரும்பாலோர் அழகான ஜெர்மனில் அதே 20ஆம் தேதியைக் கொடுத்திருந்தார்கள். லைப்சிக் பெண்மணி மட்டும் ஓரத்தில் எழுதியிருந்தார்: ஜெர்மனியில் இந்த வரியின் முன்னறிக்கை மறுமாதம் 10ஆம் தேதிக்குள் எல்ஸ்டர் என்ற வரித்துறை இணையதளம் வழியாகப் போக வேண்டும், வரியும் ஸ்பெயினைப் போல 21 அல்ல, 19 சதவீதம், இந்தத் திரை ஜெர்மன் பதிப்பில் இருக்கத்தான் வேண்டுமா? வரி ஆலோசகர் அலுவலகத்தில் வேலை பார்த்தவராம். அக்கா படித்துவிட்டு, “இவங்களையே பிடி” என்றார்.

மார்ச் 18
மாலை 5 மணிக்கு லைப்சிக் பெண்மணியோடு பேசினேன். அங்கே காலை 10. (30ஆம் தேதி அவர்கள் கடிகாரத்தை முன்னால் தள்ளுவதால் வித்தியாசம் 6 மணி நேரமாகும்.) அவருடைய முதல் கேள்வி: எஸ்கேஆர்03-ஆ, 04-ஆ? இரண்டும் ஜெர்மனியில் புழங்கும் கணக்கு எண் பட்டியல்கள். ஸ்பெயினில் 2008 முதல் நடப்பில் உள்ள பொதுக் கணக்குத் திட்டத்தில் வாடிக்கையாளர் கணக்கு 430. ஜெர்மனியில் அதே இடத்தில் 03 என்றால் 1400, 04 என்றால் 1200. நிறுவனம் எதை வைத்திருக்கிறதோ அதுதான். எண் பொருந்தாத மென்பொருளை எந்தக் கணக்காளரும் வாங்க மாட்டார்.

வலென்சியாவுக்கு எழுதினேன். பதில் இல்லை. ஃபாயாஸ் திருவிழாவாம், நாளையும் விடுமுறை. இங்கே நோன்பு மாதம் வேறு. மலாய் நண்பர்கள் சீக்கிரமே கிளம்பிவிடுகிறார்கள்.

மார்ச் 21
பதில் வந்தது: 03, 04 இரண்டுமே வேண்டுமாம்! கெடுவைத் தள்ளிக் கேட்டிருக்கிறேன். சொல்லுக்கு இவ்வளவு என்று லைப்சிக் பெண்மணி கேட்ட கட்டணத்தைப் பார்த்துப் பாஸ் முனகினார், பிறகு கையெழுத்துப் போட்டார். திருத்துநருக்கு அந்தப் பெண்மணியே ஒரு பெயர் சொல்லியிருக்கிறார். திங்களன்று அந்தத் திருத்துநருக்கும் அதே 303 திரை போகும்.