டேர்போ எஞ்சினில் இன்ஜெக்சனைக் கழற்றிக் காபரேட்டர் பூட்டிய கதை: பிழை வந்தது முழுக்கப் பெற்றோல் பம்பில்

மூன்று மாதமாக என்னை விசராக்கிய வேலை போன சனிக்கிழமைதான் ஒரு முடிவுக்கு வந்தது. கை இன்னும் பெற்றோல் மணக்கிறது, மனுசி ஜக்கெற்றை வீட்டுக்குள்ளே எடுக்க விடுகிறாள் இல்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கார் 1983 வொல்வோ 240 டேர்போ. பி21 எஞ்சின், 2.1 லீற்றர், போஷ் கே-ஜெட்ரொனிக் இன்ஜெக்சன், அதாவது பம்பின் அழுத்தத்தால் பெற்றோலைச் சீற அடிக்கிற முறை. றோட்டில் ஓடுகிற கார் இல்லை. மாரியில் ஒன்ராறியோவின் மிண்டன் பக்கம் பனிக்கட்டித் தடத்தில் ஓட்டுவதற்கு வைத்திருக்கிறேன், ட்ரெய்லரில்தான் ஏற்றி இறக்குவது. றோட்டுக் காரில் இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் சட்டத்தைப் பாருங்கள். ஒன்ராறியோவில் சின்னக் கார்களுக்குப் புகைப் பரிசோதனை 2019இல் நின்றதே தவிர, புகைக்கட்டுப்பாட்டுச் சாமான்களைக் கழற்றி எறியலாம் என்று யாரும் சொல்லவில்லை.

நல்ல இன்ஜெக்சனை ஏன் கழற்றினாய் என்று எல்லாரும் கேட்டுவிட்டார்கள். நல்லதாக இருந்தால் கழற்றியிருப்பேனா? நான் வாங்க முதல் கார் ஏழு மாரி ஒரு கொட்டிலில் கிடந்தது. பழைய பெற்றோல் பிசினாகி, பெற்றோலைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கிற ஃபியூவல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஏறி இறங்க வேண்டிய தண்டு இறுகிவிட்டது, குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோலைக் கூட்டுகிற வோர்ம்-அப் றெகுலேட்டரும் போய்விட்டது. இரண்டையும் திருத்தக் கேட்ட விலை, நான் காருக்குக் கொடுத்த காசைவிட அதிகம்.

அதனால்தான், காற்றோட்டமே பெற்றோலை உறிஞ்சிக் கலக்கிற காபரேட்டருக்கு மாறினேன். சாமான் தேடியது பெரிய கதை இல்லை. இதே எஞ்சின் குடும்பத்தில் பி21ஏ என்று காபரேட்டரோடு வந்தது இருக்கிறது, அதன் மனிஃபோல்ட் (காற்றை எஞ்சினுக்குள் கொண்டுபோகிற குழாய்) இந்த ஹெட்டில் அப்படியே பூட்டுப்படும், சுவீடனிலிருந்து எடுப்பித்தேன். காபரேட்டர் இங்கிலாந்திலிருந்து, எம்ஜி மெற்றோ டேர்போ என்ற காரில் வந்த, எஸ்யூ கம்பெனியின் எச்ஐஎஃப்44. இதைத்தான் பிடிவாதமாகத் தேடினேன். சாதாரண காபரேட்டரை டேர்போவுக்குப் பின்னால் வைத்தால், பூஸ்ட், அதாவது டேர்போ தள்ளுகிற காற்றின் அழுத்தம், ஏறும்போது த்ரொட்டில் தண்டின் இரண்டு பக்கத்தாலும் பெற்றோல் வெளியே சீறும். மெற்றோவில் வந்தது அதற்கென்றே சீல் போட்டுச் செய்தது. டேர்போவுக்கு முன்னால் வைத்து உறிஞ்ச விட்டால் இந்தக் கரைச்சல் இல்லையே என்று ஒரு நண்பன் சொன்னான். இல்லைத்தான், ஆனால் அப்போது டேர்போவின் ஒயில் சீலை மாற்ற வேண்டும், காற்றைக் குளிராக்குகிற இன்டர்கூலர் வைக்க ஏலாது, மிண்டன் குளிரில் காபரேட்டர் வாயில் ஐஸ் கட்டும். பின்னால் வைத்தால் டேர்போவிலிருந்து வருகிற சூட்டுக் காற்றே ஐஸ் கட்ட விடாது.

பூட்டி முடிக்க இரண்டு நாள். ஸ்டார்ட் பண்ணினால் பூனைக்குட்டி மாதிரி நின்று உறுமியது. அன்றைக்கு நான் துள்ளிய துள்ளலை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பிழை நடந்த இடத்துக்கு வருகிறேன். கே-ஜெட்ரொனிக் பம்ப் 70 பிஎஸ்ஐக்கு (அழுத்த அளவு, சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல்) கிட்ட அடிக்கிற சாமான், எஸ்யூவில் மிதவைக் கிண்ணம் நிரம்பினதும் பெற்றோல் வழியை அடைக்கிற மிதவை ஊசிக்கு 3 பிஎஸ்ஐ போதும். அதனால் பம்ப் மாற்ற வேண்டும் என்று சாமான் கடைக்குப் போனேன். கவுண்டரில் நின்றவரிடம் டேர்போ என்று இரண்டு தரம் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தை எடுக்காமல், காபரேட்டர் என்றால் இதுதான் என்று ஆகக் கூடினது 6 பிஎஸ்ஐ தருகிற பம்ப் ஒன்றைத் தூக்கி வைத்தார். நானும் தலையாட்டிக் காசைக் கொடுத்தேன். அந்த இடத்தில் ஒரு நிமிடம் கணக்குப் பார்த்திருந்தால் மூன்று கிழமை மிச்சம்.

கணக்கு இதுதான். பூஸ்ட் 7 பிஎஸ்ஐ ஏறும்போது மிதவைக் கிண்ணத்துக்குள்ளும் அதே 7 பிஎஸ்ஐ இருக்கும், இருக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் ஜெட் என்கிற துவாரத்தால் பெற்றோல் வெளியே வராது. அந்த அழுத்தத்தை மீறி உள்ளே போக பெற்றோலுக்கு 7உம் 3உம், 10 பிஎஸ்ஐயாவது வேண்டும். 6 பிஎஸ்ஐ பம்ப் என்ன செய்யும்? கிண்ணத்தில் மிச்சம் இருக்கிறவரை எஞ்சின் இழுக்கும், பிறகு மூச்சுத் திணறும். எனக்கு அப்படியே நடந்தது: நாலு செக்கன் பறக்கும், பிறகு யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி. நான் ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன், கொயிலை மாற்றினேன், டைமிங்கைப் பின்னுக்கு வைத்தேன். பூஸ்டில் பெற்றோல் குறைந்தால் பிஸ்டன் உருகும் என்று தெரிந்தும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பிஸ்டன் தப்பியது என் கெட்டித்தனத்தால் இல்லை.

பம்பைத் திருப்பிக் கொண்டுபோனால், ஒருக்கால் பூட்டிய மின்சாரச் சாமானைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்றார்கள். பில்லின் பின்பக்கம் இருக்கிறதாம். இருக்கத்தான் செய்கிறது, எறும்பு எழுத்தில்.

சரி, பழைய பம்பையே திரும்பப் போட்டு, பூஸ்ட் குழாயோடு சேர்ந்து அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற றெகுலேட்டர் ஒன்று வாங்கினேன். பூஸ்ட் ஒரு பிஎஸ்ஐ ஏற இதுவும் ஒன்று ஏற்றும், மிச்சப் பெற்றோல் தாங்கிக்குத் திரும்பும். திருகை முழுக்கத் தளர்த்தியும் மீற்றர் 9க்குக் கீழே இறங்கவில்லை. மிதவை ஊசி தாங்காமல் பெற்றோல் காற்றுப் பைப்புக்குள்ளே வழிந்தது. றெகுலேட்டர் பழுது என்று அடுத்த சண்டைக்கு நான் வெளிக்கிட்ட நேரம்தான் மாமா எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் வைத்திருந்தவர், எஸ்யூவின் குணம் எனக்குத் தெரிந்தது அவரால்தான், டேர்போ அவருக்குத் தெரியாது. “தம்பி, தாங்கிக்குத் திரும்பிப் போற பைப்பைக் கழட்டிப் பெற்றோல் கானுக்குள்ள விட்டுப் பார்” என்றார். விட்டேன். மீற்றர் 3க்கு வந்து நின்றது! பம்ப் தள்ளுகிற அளவுக்கு அந்தப் பழைய பைப்பின் துவாரம் காணாது, உள்ளுக்குள் கறளும் வேறு. தாங்கிவரை தடித்த பைப் ஒன்று போட்டேன், றெகுலேட்டரில் ஒரு குறையும் இல்லை. கானுக்குள் விடுகிறவர்கள் கராஜ் கதவைத் திறந்து வைத்து, ஹீற்றரை நிற்பாட்டி, நெருப்பணைக்கிற சிலிண்டரைக் கைக்கெட்ட வையுங்கள்.

பம்புக்கு மின்சாரம் விடுகிற பழைய றிலேயையும் எறிய வேண்டாம். இந்தக் காரில் கொயிலிலிருந்து துடிப்பு வந்தால்தான் அது பம்பை ஓட விடும். காரைப் பிரட்டி எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். பனித்தடத்தில் பிரட்டுவது பெரிய விசயமே இல்லை.

மாமாவால் ஒரு கரைச்சலும் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். எஸ்யூவின் மேல் மூடி வெடித்திருந்ததால் அவருடைய பழைய பெட்டியில் கிடந்த மூடியைப் போட்டேன். அதில் மூச்சுவிட ஊசித்துவாரம் ஒன்று இருந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. முதல் பூஸ்டிலேயே, அந்த மூடிக்குக் கீழே இருக்கிற டாஷ்பொட் ஒயில் முழுக்கப் பொனற்றின் அடியில். துவாரம் இல்லாத மூடிதான் வேண்டும்.

கடைசியாக ஊசி. மிதவை ஊசி இல்லை, ஜெட்டுக்குள் ஏறி இறங்குகிற ஊசி. எஸ்யூவில் எவ்வளவு பெற்றோல் என்பதை முடிவெடுப்பது அந்த ஊசியின் தடிப்புத்தான். ஓக்சிஜன் மீற்றர் பூட்டி, ஊசியை ட்ரில்லில் மாட்டி, மெல்லிய அரத்தாளால் தேய்த்து, எட்டில் ஒரு அங்குலத்துக்கு ஒருக்கால் மைக்ரோமீற்றரால் அளந்து, திரும்பப் போட்டு ஓட்டி. நாலு ஊசி பாழ். ஐந்தாவதில், ஒரு பங்கு பெற்றோலுக்குக் காற்று முழுப் பூஸ்டில் 11.8 பங்கு, ஒரே சீராக ஓடும்போது 14க்குக் கிட்ட.

சனிக்கிழமை மைனஸ் 15இல் சோக்கை இழுத்து இரண்டாவது தட்டில் பிடித்தது. மாமா கதிரையை வெளியே போட்டு, ஜக்கெற்றுக்கு மேல் சால்வையும் சுற்றிக்கொண்டு அரை மணித்தியாலம் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். 6 பிஎஸ்ஐ பம்ப் பெட்டியோடு தட்டில் இருக்கிறது, டேர்போ இல்லாத காபரேட்டர்க் கார் வைத்திருப்பவர்கள் யாராவது பாதி விலைக்கு எடுங்கள்.