கல்குளம், விளவங்கோடு பக்கம் குடும்ப வரலாறு தேடும் வழி

கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள எங்கள் ஊர் வரலாற்றுக் கழகத்துக்குப் பூர்வீகம் தேடி வருகிறவர்கள் அநேகமாக ஒரு பெயரோடுதான் வருகிறார்கள். "பாட்டாவுக்க அப்பா பேரு நாராயணன், அவரு எந்த வீடுன்னு தெரியணும்." பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தில் ஒன்றும் நகராது. ஒரே தேசத்தில் (ஊர்ப் பிரிவில்) ஒரே தலைமுறையில் நாலைந்து நாராயணன் இருப்பார்கள். பாட்டன் பேரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறையில் திரும்பவும் வரும். அதனால் நாங்கள் கேட்பது வீட்டுப்பேரும் விளையின் (தோட்ட நிலத்தின்) பேரும்தான். மனிதர்கள் பெயர் மாறியிருக்கிறார்கள், மதம் மாறியிருக்கிறார்கள், ஆனால் விளையும் ஏலாவும் (வயல்வெளியும்) பேர் மாறாமல் கிடக்கின்றன. நிலத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஆட்கள் தானாக வருவார்கள்.

வருமுன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய பிரமாணம் (சொத்துப் பத்திரம்), கரம் (நிலவரி) அடைத்த ரசீது, பள்ளிக்கூடச் சான்றிதழ், ஜாதகம், கல்யாணக் குறி, கல்லறை இருந்தால் அதன் எழுத்து, எல்லாம் வேண்டும். பிரமாணத்தைச் செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். மடிப்பில் கிழிந்திருந்தால் அப்படியே ஓர் அட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தால் போதும். ஓலை இருந்தால் எண்ணெய், மஞ்சள் எதுவும் தேய்க்க வேண்டாம். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, ஜன்னலோரத்தில் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி வைத்துப் படமெடுத்தால், மை பூசாத ஓலையில்கூட எழுத்தாணிக் கீறல் நிழலோடு தெரியும். நேரே மேலிருந்து ஃபிளாஷ் அடித்தால் ஒன்றும் தெரியாது.

ஒரு பிரமாணத்தை நாங்கள் எப்படி வாசிக்கிறோம் என்பதைச் சொன்னால் வேலையின் பாதி புரியும். முதல் வரியில் கொல்லம் ஆண்டும் (மலையாள ஆண்டும்) மாதமும் தேதியும். அடுத்து எழுதிக் கொடுப்பவரின் பகுதி (வருவாய்க் கிராமம்), தேசம், வீட்டுப்பேர், யாருக்கு மகன் அல்லது யாருக்கு அனந்தரவன் (சகோதரி மகன்), தொழில், வயது. வயதைக் கழித்தால் பிறந்த ஆண்டு ஏறக்குறைய வந்துவிடும். அப்புறம் அந்தச் சொத்து எப்படிக் கிடைத்தது என்ற விவரம். முன்பிரமாணத்தின் எண்ணும் ஆண்டும் இங்கேதான் இருக்கும், ஒரு தலைமுறை பின்னால் போகும் படி அது. கடைசியில் நான்கு எல்கை (எல்லை). பலரும் எல்கையை வாசிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பங்கு பிரிந்த நிலத்தில் கிழக்கு எல்கையிலும் தெற்கு எல்கையிலும் இருப்பவர் பெரும்பாலும் அண்ணன் தம்பி அல்லது பங்காளி. அந்தப் பெயர்களைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாட்சிகள் பெயரையும் விடாதீர்கள். மைத்துனர்மார் அங்கே நிற்பார்கள்.

ஆண்டுக் கணக்கில்தான் அதிகம் பேர் தடுக்குகிறார்கள். எல்லாக் கொல்லம் ஆண்டுக்கும் 825 கூட்டிவிடுகிறார்கள். ஆண்டு பிறப்பது சிங்கத்தில், அதாவது ஆவணியில், ஆகஸ்ட் நடுவில். அங்கிருந்து தனுவின் (மார்கழியின்) பாதி வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரி பிறந்ததிலிருந்து கர்க்கடகம் (ஆடி) முடிய 825. 1132 துலாம் (ஐப்பசி) என்றால் 1956 அக்டோபர்-நவம்பர். 1099 கர்க்கடகம் என்றால் 1924 ஜூலை-ஆகஸ்ட், தொண்ணூற்றொன்பது வெள்ளம் வந்த மாதம். தனு மாதத் தேதி வந்தால் மட்டும் பஞ்சாங்கம் பார்த்து உறுதி செய்யுங்கள். இந்த ஒரு வருடப் பிசகால் ஜாதகமும் ஞானஸ்நானப் பதிவும் முரண்படுவதாக நினைத்து, ஒரே ஆளை இரண்டு ஆளாக எழுதிவிடுவார்கள்.

பணக் கணக்கும் குழப்பும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். வயல் அளவு கோட்டை விதைப்பாட்டில் (விதைக்கும் நெல்லின் அளவில்) வந்தால் 21 மரக்கால் ஒரு கோட்டை.

இனி அலுவலகங்கள். 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் திருவனந்தபுரத்துக்குக் கட்டுப்பட்டவை. அன்று அவை தமிழகத்தோடு சேர்ந்து எல்கை மாறியபோது சார்பதிவாளர் அலுவலகப் புத்தகங்களும் தாலுகாப் பதிவேடுகளும் இங்கேயே நின்றன, தலைமைச் செயலகக் கோப்புகள் அங்கேயே தங்கின. முதலில் இங்கே தேடுங்கள். இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று உங்கள் அப்பா, தாத்தா காலத்தோடு நின்றுவிடும். அதற்கு முன்னால் போக சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேட மனு கொடுக்க வேண்டும். இரண்டு அட்டவணை உண்டு: முதலாவது ஆட்பெயர் வாரி, இரண்டாவது சொத்து வாரி. இரண்டாவதைக் கேளுங்கள். சர்வே எண் கையில் இருந்தால் அந்த நிலத்தில் நடந்த ஒற்றி, விலை, பாகம் எல்லாம் வரிசையாக வரும். பத்து வருடம் பத்து வருடமாகப் பிரித்துக் கேட்டால் தேடுகிறவருக்கும் சுலபம், செலவும் கைக்குள் நிற்கும். அலுவலகங்கள் பிரிந்து பிரிந்து வந்தவை என்பதால், உங்கள் ஊர் முன்பு எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்று பழைய பத்திர எழுத்தர் ஒருவரிடம் விசாரித்துவிட்டுப் போங்கள்.

இன்றைய சர்வே எண்ணும் பிரமாணத்திலுள்ள எண்ணும் ஒத்துப்போகாது. இடையில் ரீசர்வே நடந்திருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் பழைய எண்ணுக்குப் புதிய எண் காட்டும் தொடர்புப் பதிவேட்டைப் பார்த்துப் பொருத்திக்கொள்ளுங்கள். பழைய எண் கிடைத்துவிட்டால் செட்டில்மென்ட் ரிஜிஸ்டர் வரை போகலாம். 1883-ல் தொடங்கி 1911-ல் முடிந்த அந்தக் கண்டெழுத்தில் (நிலம் அளந்து கரம் விதித்த கணக்கில்) யார் பேரில் நிலம், என்ன உரிமை, எவ்வளவு கரம் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் உண்டு. புரையிடத்துக்கு (தோட்ட நிலத்துக்கு) மரத்தை வைத்துக் கரம் போட்டார்கள். அதனால் தெங்கும் கமுகும் பலாவும்கூட அதில் வரும்.

மருமக்கள் வழிக் குடும்பங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நாஞ்சில்நாட்டு வேளாளர், நாயர், ஈழவரில் பல குடும்பங்கள் இந்த வழியில் இருந்தவை. சொத்து காரணவரிடமிருந்து அனந்தரவனுக்கு, அதாவது தாய்மாமனிடமிருந்து சகோதரி மகனுக்குப் போகும். முதலெழுத்தைத் தகப்பன் பெயர் என்று எடுத்துக்கொண்டு தேடினால் வேறு வீட்டுக்குள் போய் நிற்பீர்கள். அங்கே அம்மா, அம்மாவின் அம்மா என்று ஏற வேண்டும். இந்தக் குடும்பங்களுக்கு ஒரு பெரிய வரம் இருக்கிறது. கொல்லம் 1100-ல் நாயர், ஈழவர் சட்டங்களும் 1101-ல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டமும் வந்து பாகம் பிரிக்க வழி செய்தன. 1925-க்குப் பிந்தைய பத்துப் பதினைந்து வருடங்களில் எழுதிய பாகப் பிரமாணங்களில் தரவாட்டு (கூட்டுக் குடும்பத்து) உறுப்பினர் எல்லோரும், கைக்குழந்தை உட்பட, தாவழி (ஒரு தாய் வழிக் கிளை) வாரியாக வயதோடு வரிசையில் இருப்பார்கள். அப்படி ஒன்று அகப்பட்டால் நாலு தலைமுறை ஒரே தாளில்.

நிலமே இல்லாத குடும்பங்களை இந்த வழியில் காண முடியாது. அவர்களை விட்டுவிட்டு ஊர் வரலாறு எழுதுவதில் எங்களுக்குச் சம்மதமில்லை, அதனால் இதில் கூடுதலாக மெனக்கெடுகிறோம். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-ல். அதற்கு முந்தைய ஓலைகளில் இவர்கள் நிலத்தோடு சேர்த்துக் கைமாறியவர்களாக, வெறும் பெயராக வருவதுண்டு. அவர்களுக்கு நல்ல ஆதாரம் சபைப் பதிவேடு. மயிலாடியில் 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்தபின் வேரூன்றிய லண்டன் மிஷன் சபைகளில் ஞானஸ்நானப் பதிவில் பழைய பெயரும் புதிய பெயரும் அடுத்தடுத்து இருந்தால், மாடன் எப்படி மாசிலாமணி ஆனார் என்று அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். மிஷன் கடிதங்கள் லண்டனில் இருக்கின்றன, ஆனால் குடும்பம் தேட அவை அதிகம் உதவாது. சபைப் பதிவேடுதான் வேண்டும். கத்தோலிக்கக் குடும்பமென்றால் கோட்டாறு மறைமாவட்டம் 1930-ல்தான் கொல்லத்திலிருந்து பிரிந்தது என்பதை நினைவில் வையுங்கள். பங்குக் கோயிலில் இல்லாதது கொல்லத்தில் இருக்கலாம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரிப் புத்தகமும் எல்லோருக்கும் உதவும்.

திருவனந்தபுரம் கோட்டையிலுள்ள மத்திய ஆவணக் காப்பகத்துக்குக் கடைசியாகப் போங்கள். அடையாள அட்டை, என்ன தேடுகிறீர்கள் என்று தெளிவாக எழுதிய விண்ணப்பம், அறிமுகக் கடிதம் எடுத்துச் செல்லுங்கள். கடிதம் நாங்கள் தருவோம். அங்குள்ள ஓலைச் சுருணைகள் (ஓலைக் கட்டுகள்) வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை என்ற பழைய எழுத்துகளில் இருப்பதால் வாசிக்கத் தெரிந்தவர் இல்லாமல் போவதில் பயனில்லை. கோயில் ஊழியம், விருத்தி நிலம் (ஊழியத்துக்காக விட்ட நிலம்), படை, கச்சேரி உத்தியோகம் என்று அரசோடு தொடர்பிருந்த குடும்பமாக இருந்தால் பலன் உண்டு. சாதாரண விவசாயக் குடும்பத்துக்குச் சார்பதிவாளர் புத்தகமே மேல்.

பெரியவர்களிடம் பேசப் போகும்போது ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். தனியாகப் போனால், "யாருக்க பேரன் மக்களே நீ? கேசு போடவா வந்தே?" என்பதுதான் முதல் கேள்வி. அந்தச் சந்தேகம் தீராமல் ஒரு வார்த்தை வராது. வருடம் கேட்காதீர்கள், சம்பவத்தைக் கேளுங்கள். கோயில் எல்லோருக்கும் திறந்தபோது (1936) நடக்கிற பிள்ளையா, இடுப்பிலா? மார்த்தாண்டம் துப்பாக்கிச்சூட்டின்போது (1954 ஆகஸ்ட் 11) கல்யாணம் ஆகிவிட்டதா? இரண்டு சம்பவத்துக்கு நடுவே வைத்துவிட்டால் ஆண்டு இரண்டு மூன்றுக்குள் அடங்கிவிடும்.

தேடி முடித்ததும் ஒரு பிரதி கழகத்தில் வைக்க வேண்டும் என்பது எங்கள் நிபந்தனை. வம்ச வரைபடத்தில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஆதாரத்தை எழுதுங்கள்: பிரமாண எண், ஆண்டு, அலுவலகம், வாய்மொழி என்றால் சொன்னவர் உறவுமுறை. உயிரோடிருப்பவர்களின் விவரத்தைத் தனித்தாளில் கொடுங்கள், அவர்கள் சம்மதமில்லாமல் அதை யாருக்கும் காட்ட மாட்டோம். ஊகத்தைப் பென்சிலில் எழுதுங்கள்.