கரும்புத் தோட்டத்தில் ஒரு கற்குவியல்

வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கினேன். இருபுறமும் ஆளுயரக் கரும்பு. நடுவில் வீட்டு உயரத்துக்கு ஒரு கருங்கல் குவியல்.

மொரீஷியஸில் இன்று நாலாவது நாள். இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், அதனால் கை சீக்கிரம் பழகிவிட்டது. தலைநகர் போர்ட் லூயிஸின் நெரிசலைத் தாண்டினால், அப்புறம் கரும்பு, கரும்பு, கரும்பு.

முதலில் ஏதோ இடிந்த கோட்டை என்று நினைத்தேன். இல்லை. எரிமலையால் உண்டான தீவு இது. கரும்பு நடுவதற்காக மண்ணிலிருந்து பொறுக்கிக் குவித்த கற்கள். அந்தக் காலத்தில் எல்லாம் கைவேலைதான்.

கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன். கல் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள், ஓட்டைக்குள் பாசி. ஒன்றைத் தூக்கினேன். முழங்காலுக்கு மேலே வரவில்லை.

காலையில்தான் போர்ட் லூயிஸில், கப்பலில் வந்த கூலியாட்கள் கரையேறிய ஆப்ரவாசி காட் படித்துறையில் அந்த 16 படிகளைப் பார்த்தோம். 1834 முதல் ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்த தீவு. நம் பக்கத்து ஜனங்களும் அதில் உண்டு. அவர்களுக்கு முன்னால் அடிமைகள். இந்தக் கற்களை எந்தக் கைகள் சுமந்தன என்று ஒரு பலகைகூட இங்கே இல்லை.

கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வண்டி ஏறினேன்.

அடுத்த வளைவில் இன்னொரு குவியல். அதைத் தாண்டினால் இன்னொன்று.