எதில் அரை சதவீதம்?

லித்தியம் அயன் பேட்டரிக்குள் ஊற்றும் திரவமான மின்பகுளியில் சேர்மானம் சிறிது சேர்ப்பதற்குக் காப்புரிமை கேட்டிருந்தோம். காப்புரிமை அலுவலகத்தின் முதல் ஆய்வறிக்கை வந்த மறுநாள் காலை எங்கள் காப்புரிமை முகவர் போன் செய்தார். வணக்கம்கூடச் சரியாகச் சொல்லவில்லை. “சார், க்ளெய்ம்ல வெறும் எடை சதவீதம்னுதான் இருக்கு. நீங்க சொல்ற அரை சதவீதம், எதில் அரை சதவீதம்?” என்றார்.

“மின்பகுளியில்தான் மேடம், வேறெதில்?”

“அப்படின்னு எந்தப் பக்கத்துல எழுதியிருக்கீங்க?”

விண்ணப்பத்தைத் திறந்து தேடினேன். க்ளெய்மில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பகுதியில், வெறுமனே ‘எடை சதவீதம்’. விளக்கப் பகுதியில் ஓரிடத்தில் ‘கரைப்பான்களின் மொத்த எடையில்’. செய்முறை எடுத்துக்காட்டுகளில் ‘மின்பகுளியின் மொத்த எடையில்’. விளக்கத்தை எழுதியது நான். எடுத்துக்காட்டுகளை எழுதியது, காற்றும் ஈரமும் புகாத க்ளவ் பாக்ஸுக்குள் கைவிட்டு நிஜமாகவே கலந்த என் சக ஊழியர். ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்துப் பார்த்து ‘சரி’ என்று தலையாட்டியிருக்கிறோம்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் மின்பகுளி ஏறக்குறைய 1.2 கிலோ. அதில் ஒரு மோல் லித்தியம் ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்பேட் கரைந்திருக்கிறது என்றால் 152 கிராம் உப்பு. மொத்த எடையில் எட்டில் ஒரு பங்கு உப்பாகவே போய்விடுகிறது. கரைப்பானை வைத்து 1 சதவீதம் என்றால், மொத்தத்தை வைத்து 0.87. ஆய்வகத்தில் யாரும் கண்டுகொள்ளாத வித்தியாசம்தான். ஆனால் க்ளெய்மின் எல்லைக்கோடு 1 சதவீதத்தில் நிற்கும்போது, போட்டிக்காரர் கோட்டுக்கு உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பது இந்த வித்தியாசத்தில்தான் தொங்குகிறது.

எங்கள் கண்டுபிடிப்பு பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. கிராஃபைட் ஆனோடு (எதிர்மின்வாய்) வந்த பிறகு மின்பகுளியின் அடிப்படைக் கலவை அவ்வளவாக மாறவில்லை. எத்திலீன் கார்பனேட்டும் எத்தில் மெத்தில் கார்பனேட் போன்ற ஒரு நேர்சங்கிலி கார்பனேட்டும் சேர்ந்த கரைப்பான், அதில் அந்த உப்பு. சண்டை எல்லாம் மீதமுள்ள ஓரிரு சதவீதத்தில்தான், அதாவது சேர்மானத்தில். வைனிலீன் கார்பனேட்டைச் சிறிது சேர்த்தால் முதல் சார்ஜின்போது கிராஃபைட்டின் மேல் நல்ல படலம் கட்டும் என்பது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும். இன்னொரு தொல்லையும் எல்லாருக்கும் தெரியும்: இந்த உப்புக்கு ஈரம் ஆகாது. 20 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 20 பங்குக்கு) கீழே தண்ணீரைக் கட்டுப்படுத்தினாலும், இருக்கிற துளி ஈரத்தோடு சேர்ந்து எச்.எஃப் (ஹைட்ரஜன் ஃப்ளூரைடு) அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் நிக்கல் அதிகமுள்ள கேத்தோடை (நேர்மின்வாயை) அரிக்கும். கரைந்து வந்த உலோகம் ஆனோடுப் பக்கம் போய் அங்கே கட்டிய படலத்தைக் கெடுக்கும். சிலிக்கான் கொண்ட சிலில் சேர்மங்கள் சில அந்த எச்.எஃப்பைப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் செய்தது, ஒரு குறிப்பிட்ட சிலில் சேர்மத்தை வைனிலீன் கார்பனேட்டோடு ஒரு குறிப்பிட்ட அளவில் சேர்த்தது. சேர்மத்தின் பெயர் இங்கே தேவைப்படாது.

விண்ணப்பம் அவசரத்தில் போனது. ஒரு மாநாட்டில் சுவரொட்டி வைக்க ஒப்புக்கொண்டுவிட்டோம். சொந்த வாயால் வெளியே சொன்னதே பின்னால் நமக்கு எதிரான ஆவணமாக வந்து நிற்கும். சில நாடுகளில் ஓராண்டு சலுகைக் காலம் உண்டு, ஐரோப்பாவில் அப்படிப் பொதுவான சலுகை கிடையாது. அதனால் மாநாட்டுக்கு நான்கு நாள் முன்பு, வேறொரு முகவர் மூலம், கையில் இருந்ததை வைத்துத் தாக்கல் செய்துவிட்டோம். எடுத்துக்காட்டுகள் ஐந்து. ஐந்துமே நன்றாக ஓடிய செல்கள். ஒப்பிடுவதற்கு என்று சேர்த்தது ஒன்றே ஒன்று: சேர்மானமே இல்லாத மின்பகுளி. அன்று அது போதும் என்றுதான் நினைத்தோம்.

12 மாதம் முடிவதற்குள் பி.சி.டி (காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தம்) வழியாகச் சர்வதேச விண்ணப்பம். 16ஆவது மாத வாக்கில், முன்பே வெளியான ஆவணங்களைத் தேடிப் பார்த்த தேடல் அறிக்கை வந்தது. 18இல் விண்ணப்பம் உலகத்துக்கே தெரியும்படி வெளியானது. 30ஆவது மாதக் கெடுவுக்குள் நாடுகளைத் தேர்ந்தெடுத்து நுழைந்தோம். இந்தக் கட்டங்களில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை, படிவமும் கட்டணமும்தான்.

தேடல் அறிக்கையைத் திறந்தவுடன் இரண்டு ஆவணங்கள் கண்ணில் பட்டன. ஒன்றின் பக்கத்தில் ‘எக்ஸ்’, இன்னொன்றின் பக்கத்தில் ‘ஒய்’. எக்ஸ் என்றால் அந்த ஒரே ஆவணம் போதும் உங்கள் க்ளெய்மை வீழ்த்த என்று பொருள். ஒய் என்றால் இன்னொன்றோடு சேர்த்து வாசித்தால் வீழ்த்தும். ‘ஏ’ என்று இருந்தால் பின்னணித் தகவல், நிம்மதியாகத் தூங்கலாம். எங்களுக்கு ஒரு ஏகூட வரவில்லை.

எக்ஸ் ஆவணத்தை வாசித்தபோது கோபம்தான் வந்தது. சேர்மானம் என்று முழுப் பக்கப் பட்டியல்: வைனிலீன் கார்பனேட், ஃப்ளூரோஎத்திலீன் கார்பனேட், புரொப்பேன் சல்டோன், சக்சினோநைட்ரைல்... அடுத்த பக்கத்தில் இன்னொரு பட்டியல், அதில் சிலில் சேர்மங்கள் வரிசையாக. ‘இவற்றில் ஒன்றோ பலவோ, 0.01 முதல் 10 சதவீதம் வரை சேர்க்கலாம்’ என்று ஒரு வரி. அவர்கள் எங்கள் ஜோடியைக் கலந்து பார்த்ததற்கான அடையாளமே இல்லை. “கடையில இருக்கிற எல்லாச் சாமானையும் எழுதிவெச்சுட்டு எல்லாம் என் சமையல்னு சொன்னா எப்படி?” என்று முகவரிடம் பொரிந்தேன்.

அவர் அமைதியாக, “உங்க க்ளெய்ம்ல அளவு என்ன போட்டிருக்கீங்க?” என்றார்.

0.01 முதல் 10 சதவீதம்.

“பத்து சதவீதத்துல வேலை செய்யுமா?”

“செய்யாது. ஒன்றரையைத் தாண்டினாலே மின்தடை ஏறிடும்.”

“அப்ப ஏன் எழுதினீங்க?”

எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. அகலமாகக் கேட்டால் அகலமாகக் கிடைக்கும் என்ற நப்பாசைதான். நான் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேனோ, அவர் செய்ததையே நானும் செய்திருந்தேன்.

எங்களைக் காப்பாற்றியது விண்ணப்பத்தில் இருந்த ஒரு வரி. ‘விருப்பமாக 0.1 முதல் 2 சதவீதம், மேலும் விருப்பமாக 0.3 முதல் 1 சதவீதம்’ என்று முதல் முகவர் எழுதியிருந்தார். வரைவைப் பார்த்தபோது சிரித்தேன். யார் யாருக்கு விருப்பம் என்று கிண்டல்கூட அடித்தேன். ஆய்வின்போது க்ளெய்மைச் சுருக்கலாம். ஆனால் தாக்கல் செய்த அன்று விண்ணப்பத்தில் இல்லாத எதையும் புதிதாகக் கொண்டுவர முடியாது. 0.3, 1 என்ற இரண்டு எண்களும் அங்கே எழுத்தில் இருந்ததால்தான் அந்த எல்லைக்குப் பின்வாங்க எங்களுக்கு இடம் இருந்தது. அந்த வரி இல்லாமல் போயிருந்தால், எடுத்துக்காட்டில் வந்த ஒற்றை எண்ணான 0.5இல் வந்து நின்றிருப்போம்.

சரி, அளவைச் சுருக்கியாயிற்று. இரண்டு பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்த ஜோடி அந்த ஆவணத்தில் நேரடியாகச் சொல்லப்படவில்லை என்பதையும் விண்ணப்பத்தை ஆராய்ந்த காப்புரிமை அலுவலக எக்ஸாமினர் ஏற்றுக்கொண்டார். புதுமை பற்றிய ஆட்சேபம் போனது. அடுத்தது வந்தது: ‘இத்துறையில் பழகிய எவருக்கும் இது எளிதில் தோன்றியிருக்கும்.’ ஒன்று படலம் கட்டும் என்று முதல் ஆவணம் சொல்கிறது. மற்றது அமிலத்தைப் பிடிக்கும் என்று இரண்டாம் ஆவணம் சொல்கிறது. இரண்டு நன்மையும் வேண்டும் என்றால் இரண்டையும் போடு. இதில் புத்திசாலித்தனம் எங்கே?

காணொளி வழியாக அரை மணி நேரம் பேச எக்ஸாமினர் ஒப்புக்கொண்டார். வேதியியல் தெரிந்த மனிதர், நிதானமாகப் பேசினார். நான் ஐந்து வரைபடங்களைக் காட்டி உற்சாகமாக விளக்கி முடித்ததும், “சேர்மானம் இல்லாத செல்லைவிட இது நன்றாக இருக்கிறது, சரி. இதில் எவ்வளவு வைனிலீன் கார்பனேட் தந்தது, எவ்வளவு சிலில் தந்தது, எவ்வளவு இரண்டும் சேர்ந்ததால் வந்தது?” என்று கேட்டார். என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. வைனிலீன் கார்பனேட் மட்டும் போட்ட செல்லும், சிலில் மட்டும் போட்ட செல்லும் விண்ணப்பத்தில் இல்லை.

ஆய்வகக் குறிப்பேட்டில் இருந்தன! தாக்கலுக்கு ஐந்து மாதம் முன்பே ஓட்டியிருந்தோம். சிலில் மட்டும் போட்ட காயின் செல்கள் (நாணய வடிவச் சோதனை பேட்டரிகள்) 45 டிகிரியில் வேகமாகத் தேய்ந்துபோய், பக்கத்தில் சிவப்பு மையில் ‘வேஸ்ட்’ என்று எழுதி ஒரு கோடும் இழுத்திருந்தார் என் சக ஊழியர். அந்தப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. தனியாகப் போட்டால் அந்தச் சேர்மம் ஆனோடின் மேலேயே சிதைந்து வீணாகிறது. வைனிலீன் கார்பனேட் முந்திக்கொண்டு படலம் கட்டிவிட்டால், சிலில் அங்கே செலவாகாமல் எச்.எஃப்பைப் பிடிக்க மிஞ்சுகிறது. தனியாக நஷ்டம் தருவது ஜோடியாக லாபம் தருகிறது. ஆவணங்கள் இரண்டையும் வாசிக்கும் எவரும் இதை எதிர்பார்க்க மாட்டார். நாங்கள் குப்பை என்று ஒதுக்கிய செல்கள்தான் எங்கள் கட்சிக்குச் சாட்சி.

தாக்கலுக்குப் பிறகு தரும் தரவை ஏற்பார்களா என்பது தனிப் பிரச்சினை. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் விரிவாக்க மேல்முறையீட்டுக் குழு 2023 மார்ச்சில் ஜி 2/21 என்ற தீர்ப்பில் இதைத்தான் பேசியது. பிறகு வந்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தரவை ஒதுக்கக் கூடாது, ஆனால் அந்தப் பலன் மூல விண்ணப்பம் சொல்லித்தரும் விஷயத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். எங்கள் விளக்கத்தில் ‘இரண்டும் சேர்ந்திருக்கும்போது சிலில் சேர்மத்தின் சிதைவு குறைகிறது’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். முகவர் அந்த வரியில்தான் பதில் முழுவதையும் கட்டினார். மூன்று மின்பகுளியையும் ஒரே நாளில் புதிதாகக் கலந்து, ஒரே தொகுதி மின்வாய்களில், ஒவ்வொன்றுக்கும் நான்கு செல் வீதம் மறுபடி ஓட்டினோம். 300 சார்ஜ்-டிஸ்சார்ஜ் சுற்று முடியும்வரை பதிலுக்கான கெடு பொறுக்கவில்லை, நீட்டிப்புக் கட்டணம் கட்டினோம்.

இன்னொரு ஆட்சேபத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மின்பகுளிக்காரர்கள் எல்லாரும் இதில் இடறுவார்கள். எங்கள் ஏழாவது க்ளெய்ம், ‘0.3 முதல் 1 சதவீதம் சேர்மம் கொண்ட மின்பகுளி உள்ள பேட்டரி’. எக்ஸாமினர் கேட்டார்: எந்த நேரத்தில்? முதல் சார்ஜிலேயே சேர்மானம் செலவாகத் தொடங்கிவிடும், அதற்காகத்தானே அதைப் போடுகிறோம். விற்பனைக்கு வரும் பேட்டரியை உடைத்துப் பார்த்தால் அதில் 0.3 சதவீதம் இருக்காது, சில நேரம் சுவடுகூட இருக்காது. க்ளெய்மில் உள்ளபடி பார்த்தால் எங்கள் சொந்தப் பேட்டரியே எங்கள் காப்புரிமைக்குள் வராது. இத்தனை வருடமாக அந்தப் படலத்தைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிற எனக்கு இது தோன்றவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

‘முதல் சார்ஜுக்கு முன் இந்த மின்பகுளியை ஊற்றும் படியை உள்ளடக்கிய தயாரிப்பு முறை’ என்று மாற்றி எழுதினோம். அடுத்தவர் அப்படி ஊற்றினாரா என்று எப்படி நிரூபிப்பது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. சிலில் சேர்மம் எச்.எஃப்பைப் பிடித்தால் ட்ரைமெத்தில்சிலில் ஃப்ளூரைடு உண்டாகும். அதை ஃப்ளூரின் என்.எம்.ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) சோதனையில் தேடலாம். ஆனால் அது ஆவியாகி ஓடும் சரக்கு. செல்லைத் திறக்கும் கை வேகமாக இருக்க வேண்டும்.

எதில் சதவீதம் என்ற கேள்வி கடைசியில் சுலபமாகவே முடிந்தது. ஐந்து எடுத்துக்காட்டுகளும் மின்பகுளியின் மொத்த எடையில் இருந்ததால், க்ளெய்மில் அதையே எழுத எக்ஸாமினர் சம்மதித்தார். கரைப்பான் என்று நான் எழுதிய வரியை அடித்தோம்.

இரண்டாம் பதிலுக்குப் பிறகு ஏழு மாதம் கழித்து, காப்புரிமை வழங்கப்போவதாக மின்னஞ்சல் வந்தது. கேட்டது 0.01 முதல் 10, கிடைத்தது 0.3 முதல் 1. சேர்மக் குடும்பம் கேட்டோம், ஒரே சேர்மம் கிடைத்தது. விண்ணப்பத்தில் கேட்டிருந்த, நைட்ரைல் வகைச் சேர்மம் சேர்த்த இன்னொரு கலவையை, இது வேறு கண்டுபிடிப்பு என்று பிரித்துவிட்டார்கள். அதற்குப் பகுப்பு விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.

அதன் ஆய்வு இன்னும் தொடங்கவில்லை. நைட்ரைல் மட்டும் போட்ட நான்கு செல்களை நேற்று சார்ஜில் போட்டுவிட்டு வந்தேன். குறிப்பேட்டில் யாரும் சிவப்பு மையைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.