ராத்திரியில் சொட்டுச் சத்தம்

போன வருடம் செப்டம்பரில் ஒரு காலை, பக்கத்து ஊரில் பூ கட்டி விற்கும் ஒரு அம்மா எங்கள் பண்ணை கேட்டில் வந்து நின்றார். தமிழ்க்காரர். "தம்பி, சண்டைக்கு வரல. ஒரு தடவை வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

போனேன். தூளியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தது, வாயோரம் நாலைந்து ஈ. தூளிக் கயிறு கறுப்பு நிறம் என்று நினைத்துக் கையை வைத்தேன். கறுப்பு அத்தனையும் எழுந்து பறந்தது. கயிறு வெள்ளை.

எனக்குப் பேச்சே வரவில்லை. அந்த ஈக்களை வளர்த்துவிட்டது நான்தான்.

சொந்த ஊர் நாமக்கல். பெங்களூரை அடுத்த ஒசக்கோட்டைப் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மூன்று ஷெட், 30,000 கோழி. ஒரு கோழி ஒரு நாளைக்குச் சுமார் 100 கிராமுக்கு மேல் எச்சம் போடும். மொத்தமாக தினமும் மூன்று டன்னுக்கு மேல் கூண்டுக்கு அடியில் விழுகிறது. ஆகஸ்டில் மழை கொஞ்சம் விட்ட நேரம் பார்த்து, மூன்று ஷெட்டையும் தரை தெரிய வழித்து எருவை லாரியில் ஏற்றிவிட்டேன். சுத்தம் செய்துவிட்டோம் என்ற நிம்மதி வேறு.

தப்பு அங்கேதான். காய்ந்த பழைய எருவில் பொடி உண்ணிகளும் சின்னக் கறுப்பு வண்டுகளும் இருக்கும். ஈ முட்டையையும் புழுவையும் தின்பது அவைதான். எருவோடு அவற்றையும் அனுப்பிவிட்டேன். வெறும் தரையில் விழுந்த புது எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். மழைக்காலக் காற்றில் அது காயவே இல்லை. சூடு இருந்தால் முட்டை ஈயாகப் பத்து நாள் போதும்.

முதலில் மருந்து அடித்தோம். பறக்கிற ஈ செத்தது, நாலு நாளில் மறுபடி அதே அளவு. எருக் குவியல் மேலேயும் அடித்தோம், மிச்சமிருந்த வண்டும் போயிற்று. அப்புறம் தீவனத்தில் சைரோமசின் கலந்தோம். புழு வளர்ந்து ஈயாகாமல் அது தடுக்கும், நல்ல மருந்துதான். ஆனால் வருடம் முழுக்க அதையே கொடுத்தால் புழுவுக்குப் பழகிவிடும். சில வாரத்தில் நிறுத்திவிட்டேன்.

ஒரு ராத்திரி கோழிகள் அடங்கிய பிறகு டார்ச்சோடு கூண்டுக்கு அடியில் போனேன். பகலில் கோழிச் சத்தத்தில் கேட்காதது அப்போது கேட்டது. சொட்டு, சொட்டு, சொட்டு. சத்தம் வந்த இடத்தில் எரு களி மாதிரி தளர்ந்து கிடந்தது. குச்சியால் கிளறினேன், கொதிக்கிற அரிசி மாதிரி புழு புரண்டது. அங்கிருந்து இரண்டு சாண் தள்ளி, சொட்டாத இடத்தில், எரு கூம்பாகக் காய்ந்து நின்றது. அதைக் கிளறினால் பொடிதான் உதிர்ந்தது, ஒரு புழு இல்லை.

கோழி கொத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய் முனைக்கு நிப்பிள் என்று பெயர். மூன்று ராத்திரியில் 43 நிப்பிள் ஒழுகுவதைக் கண்டுபிடித்தேன். வினாடிக்கு ஒரு சொட்டு என்றாலே ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல் வரும். அது பதினைந்து, இருபது கோழி குடிக்கிற தண்ணீர். சிலதில் தூசி அடைத்திருந்தது, சிலதில் ரப்பர் தேய்ந்திருந்தது. ஒரு ஷெட்டில் லைன் பிரஷரே அதிகம். இன்னொரு ஷெட்டில் நிப்பிள் சரியாக இருந்தும் எச்சம் தண்ணியாகப் போனது. தீவனத்தைப் பார்த்தால் கருவாட்டுத் தூளில் உப்பு கூடுதல். உப்பு ஏறினால் கோழி அதிகம் குடிக்கும், கழிவும் இளகும்.

இப்போது எருவை மொத்தமாக வழிப்பதில்லை. ஒரு ஷெட்டில் ஒரு வரிசை எடுத்தால் அடுத்த வரிசைக்கு மூன்று வாரம் இடைவெளி. எடுக்கும்போதும் அடியில் நாலு விரல் உயரத்துக்குக் காய்ந்த எருவை விட்டுவிடுவோம். வெளியே குவித்த எருவைக் கறுப்புத் தார்ப்பாயால் இழுத்து மூடுகிறோம். ஈ முட்டை போடுவது குவியலின் மேல்தோலில்தான், வெயில் ஏறினால் அந்தச் சூட்டில் புழு வெந்துவிடும். கோலார் பக்கத்துத் தக்காளிக்காரர்கள் எரு வாங்க வந்து போகிற அன்று மட்டும்தான் தார்ப்பாய் திறக்கும். செத்த கோழியும் உடைந்த முட்டையும் அன்றன்றே குழிக்குப் போய்விட வேண்டும். இதில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை.

ஷெட்டுக்குள் வெள்ளை அட்டைகள் தொங்கவிட்டிருக்கிறேன். ஈ உட்கார்ந்தால் அதில் புள்ளி விழும். வாரம் ஒரு முறை எண்ணி, அட்டையை மாற்றுவேன். ஓர் அட்டையில் 50 புள்ளி தாண்டினால் அன்று ராத்திரி டார்ச் எடுக்க வேண்டியதுதான். கண்ணுக்கு ஈ கூடியது போலத் தெரிவதற்கு முன்னாலேயே அட்டை சொல்லிவிடும்.

அதே மாதிரி ஓர் அட்டையை அந்தப் பூக்கார அம்மா வீட்டில் தூளிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை போய் எண்ணிவிட்டு வருவேன். முதல் வாரம் எண்ண முடியவில்லை, அட்டையே பழுப்பாக இருந்தது. நேற்று 6 புள்ளி. பேத்தி இப்போது நடக்கிறாள், தூளியை அவிழ்த்துவிட்டார்கள். "அட்டை இருக்கட்டும் தம்பி, கழட்ட வேண்டாம்" என்றார் அந்த அம்மா.